கைக்குத் தெரிந்தது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை ஒரு தட்டச்சு ஆசிரியரின் நினைவாக அவரிடம் படித்தவர்கள் காசு சேர்த்து நிறுவியது என்று அழைப்புக் கடிதத்தில் பார்த்ததுமே, எதைப் பற்றிப் பேசுவது என்பது எனக்கு முடிவாகிவிட்டது. நான் நரம்பறிவியல் படித்தவள். இப்போது தொழில்நுட்ப நிறுவனங்களில் பயனர் அனுபவ ஆய்வு செய்கிறேன். தொழிலில் இருப்பவர்கள் யூஎக்ஸ் ரிசர்ச் என்பார்கள். சொந்தக்காரர்களிடம் "ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி என் அம்மா முடித்துக்கொள்வார். மக்கள் ஒரு செயலியையோ இயந்திரத்தையோ திரையையோ பயன்படுத்தும்போது அருகில் உட்கார்ந்து, கை எங்கே தயங்குகிறது, கண் எதைத் தேடுகிறது என்று குறித்துக்கொள்வதுதான் வேலை. இதற்கு எதற்கு மூளையைப் பற்றி அத்தனை வருடம் படிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டவர்கள் நிறைய. அதற்குப் பதிலாகத்தான் இன்று பேசப்போகிறேன்.

மனிதர்கள் தாங்கள் நன்றாகச் செய்கிற பல காரியங்களை எப்படிச் செய்கிறோம் என்று அறியாதவர்கள். கேட்டால் ஏதோ ஒரு பதில் வரும், நேர்மையாகவே வரும். ஆனால் அது கை செய்வதோடு ஒட்டாது. நரம்பறிவியல் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பிழைப்புக்கு உதவியது இந்த ஒன்றுதான். மற்றவை தேர்வுக்கு உதவின.

இது எப்படித் தெரிய வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, தீராத வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை நடந்தது. வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதிகளையும் இரண்டு பக்கமும் எடுத்தார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று தொடங்கி 2008-இல் இறக்கும்வரை, ஹென்றியின் நினைவில் புதிய நிகழ்ச்சி எதுவும் தங்கவில்லை. எங்கள் பாடநூல்கள் அவர் இறக்கும்வரை எச்.எம். என்று மட்டுமே அவரைக் குறித்தன.

மாண்ட்ரியாலிலிருந்து அவரைப் பார்க்க வந்த பிரெண்டா மில்னர் ஒரு சோதனை வைத்தார். தாளில் இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் தாளையும் கையையும் நேராகப் பார்க்கக்கூடாது. எதிரே இருக்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள், முனை திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் கை எதிர்ப்பக்கம் ஓடும். ஹென்றிக்கும் ஓடியது. மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்தார். மூன்றாம் நாள் பென்சில் கிட்டத்தட்டப் பிசகாமல் போயிற்று. அப்போதும் அவரைப் பொறுத்தவரை அந்தத் தாளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. தனக்கு இது இவ்வளவு எளிதாக வருகிறதே என்று அவருக்கே வியப்பு.

நிகழ்ச்சிகளை நினைவில் வைப்பதும் கைப்பழக்கத்தைச் சேர்த்து வைப்பதும் மூளையில் வெவ்வேறு இடங்கள் பார்க்கும் வேலை என்பது இதிலிருந்து தெளியத் தொடங்கியது. எனக்கு இதில் இன்னொன்றும் முக்கியம். மூன்றாம் நாள் ஹென்றியை உட்காரவைத்து, "இதை எப்படிச் செய்கிறீர்கள், முந்தைய முறையைவிட எளிதாக இருக்கிறதா, பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?" என்று கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? "முந்தைய முறையா? நான் இதைச் செய்ததே இல்லையே." சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சொன்னது உண்மை இல்லை. இன்று நிறுவனங்கள் அனுப்பும் கருத்துக்கணிப்புப் படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹென்றியின் நினைவுதான் வரும்.

அவர் மூளை அடிபட்டவர், நமக்கு அப்படியா என்று கேட்கலாம். தட்டச்சு தெரிந்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டி ஸ்னைடரும் கார்டன் லோகனும் வேகமாகத் தட்டச்சு செய்யும் 100 பேரை அழைத்தார்கள். நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொல், 94 விழுக்காடு பிழையில்லாமல் அடிப்பவர்கள். எழுத்தே இல்லாத ஒரு விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து, எந்த எழுத்து எங்கே என்று எழுதச் சொன்னார்கள். இருபத்தாறில் சராசரியாகப் பதினைந்துதான் சரியாக வந்தது. நாள் முழுக்கத் தட்டுகிற எழுத்து எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லத் தெரியவில்லை. இந்த அறக்கட்டளைக்குரிய தட்டச்சு ஆசிரியரின் பயிலகத்தில் 'ஏ எஸ் டி எஃப்' என்று தொடங்கி, விசையைப் பார்க்காதே, புத்தகத்தைப் பார் என்று அதட்டி அதட்டிப் பழக்கியது வாய்க்கான பாடம் இல்லை என்பது அவருக்கு ஆய்வுக்கட்டுரை படிக்காமலே தெரிந்திருக்கும்.

தமிழுக்கு இதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். 'அம்மா' அடிக்க ம-வை இரண்டு முறை தட்டினால் போதும், முன்னது தானாகப் புள்ளி வைத்துக்கொள்ளும். 'பங்கு' என்று அடிக்கும்போது ங-வுக்குப் பின் க வந்தால் புள்ளி தானே விழும். தமிழின் எழுத்தமைப்பைத் தெரிந்தவர்கள் யோசித்துச் செய்த வேலை. விசை எண்ணிக்கையைக் கணக்குப் போட்டால் அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் பழைய தட்டச்சுமுறையில் பழகியவர்களில் பலர் மாறவே இல்லை. தட்டச்சுப்பொறியில் 'கெ' என்றால் கொம்பு முதலில், க பிறகு, தாளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில். தமிழ்99-இல் க முதலில், எ பிறகு, காதில் விழும் வரிசையில். முப்பது வருடம் ஒரு வரிசையில் ஓடிய விரல், மறுநாள் காலையில் இன்னொரு வரிசைக்குப் போகாது. இவர்களுக்கு மாற்றத்தில் விருப்பமில்லை, மொழி வளர்ச்சியில் அக்கறையில்லை என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். அநியாயமான பேச்சு. சிறுமூளையிலும் அடித்தள நரம்புத் திரள்களிலும் படிந்துவிட்டதை அரசாணையால் அழிக்க முடியாது. மாறுகிற சில மாதங்களில் அவர்களுடைய வேகம் பாதியாகும். அலுவலகத்தில் அந்த இழப்பை யார் ஏற்றுக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் கைபேசி வந்தது, அடுத்த தலைமுறை 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிக்கொண்டு போய்விட்டது.

இனி என் வேலையில் பார்த்த ஒன்று. மருந்துக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். பழைய மென்பொருள் கறுப்புத் திரை, விசைப்பலகையிலேயே எல்லாம் முடியும். புதியதில் வண்ணம், படங்கள், மவுஸ். வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் கருத்துக் கேட்டார்கள், பாராட்டாகக் குவிந்தது. ஆனால் பலர் ஒரு மாதத்தில் பழைய பதிப்புக்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

மதுரையில் ஒரு கடை, மாலைக் கூட்டம். பில் போடுகிற அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது கையில் மருந்துச் சீட்டு, கட்டைவிரல் எந்த வரியில் இருக்கிறோம் என்பதற்கு அடையாளமாக அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கை மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டுகிறது, கீழ் அம்புக்குறி, என்டர், எண்ணிக்கை, என்டர். இதெல்லாம் நடக்கும்போது அவர் கண் திரையில் இல்லை. சீட்டிலிருந்து அலமாரிக்கும் அலமாரியிலிருந்து சீட்டுக்கும் போய்வருகிறது. பையனிடம், "மேல ரெண்டாவது தட்டுடா" என்கிறார். அவர் கை அவரைக் கேட்காமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

புதிய மென்பொருளில் மூன்றாவது மருந்துக்கு வரும்போது, வாடிக்கையாளரின் கைபேசி எண் என்ன என்று ஒரு பெட்டி திரை நடுவில் எழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பத்து மாத்திரைக்காக விரல் ஒன்று, பூஜ்யம் என்று தட்டியது. அது கைபேசி எண் பெட்டிக்குள் போய் விழுந்தது. என்டர் தட்டினார், பீப் என்றது. அப்போதுதான் நிமிர்ந்தார். மவுஸ் எங்கே? ரசீது புத்தகத்துக்கும் மாத்திரை அட்டைகளுக்கும் அடியில். அதைத் தேடிய நேரத்தில் சீட்டிலிருந்து கட்டைவிரல் எடுபட்டுவிட்டது. எந்த வரியில் இருந்தோம்? மறுபடி மேலிருந்து. "சீக்கிரம்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் வெளியே நின்ற அம்மா.

கூட்டம் ஓய்ந்ததும் கேட்டேன்.

"புதுசு எப்படி இருக்குண்ணே?"

"நல்லாருக்கு மேடம். கலரெல்லாம் பளிச்சுனு இருக்கு."

"கஷ்டம் எதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் வயசாகுது, பழகணும்."

பழைய மென்பொருளில் பில்லைச் சேமிக்க எந்த விசை என்று கேட்டேன். உத்தரத்தைப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. பிறகு கண்ணாடி மேசை மேல், விசைப்பலகை இருப்பதுபோல் கையை வைத்தார். விரல் தானாக நீண்டு ஓரிடத்தில் குத்தியது. அந்த விரலைப் பார்த்துவிட்டு, "எஃப் டென்னா இருக்கும்" என்றார். அவர் பதிலைத் தன் விரலிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அண்ணன் மென்பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். பழியைத் தன் வயதின் மேல் போட்டுக்கொண்டார். வந்த விருந்தாளியிடம் குறை சொல்லக்கூடாது என்ற நம் ஊர் மரியாதையும் இதில் சேர்ந்துகொள்கிறது. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வு மையத்தோடு சேர்ந்து நிக்கோலா டெல்லும் உடன் ஆய்வாளர்களும் இதை அளந்தே பார்த்தார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வு, 450 நேர்காணல்கள். ஒரேமாதிரியான இரண்டு பொருளைக் காட்டி, இதில் ஒன்று நான் செய்தது என்று கேட்பவர் கோடிகாட்டினால், அதையே நல்லது என்று சொல்லும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டுக்காரர் என்றால் ஐந்து மடங்கு. அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்து நம் ஊரில் இரண்டு வாரம் தங்கி, இந்தியப் பயனர்களுக்கு எங்கள் செயலி மிகவும் பிடித்திருக்கிறது என்று அறிக்கை எழுதிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். தடுத்தும் பார்த்திருக்கிறேன். அறிக்கைதான் ஜெயித்தது.

இந்தத் தொழிலுக்கு ஒரு மூதாதையர் உண்டு. ஜான் கார்லின், 1918-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். தத்துவமும் உளவியலும் இசையும் படித்தவர், வயலின் வாசிப்பவர். 1945-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். பொறியாளர்களுக்கு நடுவே, தொலைபேசியை எடுக்கிற மனிதரைப் பற்றி யோசிக்க வந்த ஓர் உளவியலாளர். சுழற்றும் தொலைபேசியில் எண்களை வளையத்துக்கு வெளியே தள்ளியதும் மக்கள் மெதுவாகச் சுழற்றத் தொடங்கினார்கள். எண் நன்றாகத்தான் தெரிந்தது, ஆனால் விரலுக்கு இலக்கு இல்லை. ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கச் சொன்னார். பழைய வேகம் திரும்பியது. பெல் ஆய்வகத்தின் கதைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். செலவு ஒரு பொட்டு வெள்ளை மை.

அவருடைய குழுவிலிருந்துதான் இன்று நம் கையில் இருக்கும் எண்பலகை வந்தது. பொத்தான்களை வட்டமாக, இரண்டு வரிசையாக, கணக்கிடும் இயந்திரம்போல் தலைகீழாக என்று பல விதமாக அடுக்கி, மக்களை அடிக்கவைத்துப் பார்த்தார்கள். 1963-இல் அந்தத் தொலைபேசி விற்பனைக்கு வந்தபோது 1, 2, 3 மேல் வரிசையில் இருந்தது. கணினி விசைப்பலகையின் வலது ஓரத்தில் 7, 8, 9 மேலே இருக்கிறது. வங்கிக் காசாளர் பகலில் ஒன்றிலும், மாலையில் ஏடிஎம்மில் இன்னொன்றிலும் அடிக்கிறார், குழம்புவதில்லை. எப்படி என்று அவரிடமும் கேட்டுப் பயனில்லை.

கார்லினின் இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். தொலைபேசிக் கம்பியின் நீளத்தைக் குறைத்தால் செம்பு மிச்சமாகும் என்று நிறுவனம் கேட்டது. மூன்றடி இருந்த கம்பி. அவருடைய ஆட்கள் சக ஊழியர்களின் அறைக்குள் சில நாளுக்கு ஒருமுறை நுழைந்து, யாருக்கும் தெரியாமல் ஓர் அங்குலமாக வெட்டிக்கொண்டே வந்தார்கள். முழுதாக ஓர் அடி குறையும்வரை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதன்பின் தொலைபேசிகள் குட்டைக் கம்பியோடு வந்தன. என் வகுப்புகளில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் வெள்ளைப் புள்ளியும் இந்தக் கம்பியும் ஒரே அறிவிலிருந்து வந்தவை. மனிதர்கள் தாங்கள் செய்வதைக் கவனிப்பதில்லை என்ற அறிவு. ஒன்றில் அது விரலுக்கு உதவியது, மற்றதில் செம்புக் கணக்குக்கு உதவியது. இதற்கு மறுபடி வருவேன்.

நரம்பறிவியல் படித்தவள் என்று தெரிந்ததும் நிறுவனங்கள் முதலில் கேட்பது, "அப்படியானால் மூளையை ஸ்கேன் செய்து பார்த்துவிடலாமே?" என்றுதான். தலையில் மின்முனைப் பட்டை மாட்டி, வண்ணப் படம் காட்டி, பயனருக்குச் செயலி பிடித்திருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இந்த ஆசை பழையது. 2011-இல் நியூயார்க் டைம்ஸில் மார்ட்டின் லிண்ட்ஸ்ட்ரோம் என்ற விற்பனை ஆலோசகர் ஒரு கட்டுரை எழுதினார். ஐபோன் ஒலிக்கும்போது மூளையில் இன்சுலா என்ற பகுதி தூண்டப்படுகிறது, எனவே மக்கள் ஐபோனை உண்மையாகவே காதலிக்கிறார்கள் என்றார். ரசல் போல்ட்ராக் தலைமையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் மறுப்புக் கடிதம் எழுதினார்கள். மூளைப் பட ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் இன்சுலா தலைகாட்டுகிறது. வலியிலும் வரும், அருவருப்பிலும் வரும். அது தெரிந்ததை வைத்துக் காதல் என்று எப்படிச் சொல்வது?

இதைவிடக் கூர்மையான கிண்டலை கிரெய்க் பென்னட்டும் நண்பர்களும் 2009-இல் செய்தார்கள். செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று மீனிடம் கேட்டார்கள். புள்ளியியல் திருத்தம் செய்யாமல் பார்த்தபோது மீனின் மூளையில் 'செயல்பாடு' தெரிந்தது. 2012-இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. இன்றும் ஒரு நிறுவனம் ஸ்கேன் கேட்டால் நான் அந்த மீனின் படத்தைத்தான் முதலில் திரையில் போடுகிறேன்.

டோபமின் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளின் டோபமின் நரம்பணுக்களைப் பதிவுசெய்து காட்டியது நுட்பமான விஷயம். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அவை சொல்கின்றன. சந்தைப்படுத்தும் ஆட்களின் பவர்பாயின்ட்டில் அது 'மகிழ்ச்சி ரசாயனம்' ஆகிவிட்டது. கைபேசியில் சிவப்புப் புள்ளி வைத்தால் டோபமின் சுரக்கும் என்று என்னிடமே வந்து பாடம் நடத்தியிருக்கிறார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன், மாதச் சம்பளம் வாங்குகிறோம் அல்லவா.

மாணவர்களுக்காகத் தொழில் பற்றி கொஞ்சம். இந்த வேலைக்கு நரம்பறிவியல் முனைவர் பட்டம் தேவையில்லை. உளவியல், மானிடவியல், வடிவமைப்பு படித்தவர்கள்தான் அதிகம். எழுத்தறியாதவர்களுக்குப் படங்களாலேயே ஆன இடைமுகங்களை இந்தியாவில் உருவாக்கிய இந்திராணி மேத்தி வடிவமைப்பிலிருந்து வந்தவர்.  டால்பி ஆய்வகத்தின் தலைமை அறிவியலாளராக இருந்த பாப்பி கிரம் நரம்பறிவியலாளர். எந்தக் கதவு வழியாகவும் வரலாம்.

ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் திணறுவது மாதிரிகளின் எண்ணிக்கையில். ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் சொன்னது இந்தத் துறையில் வேதவாக்கு. வந்த புதிதில் புள்ளியியல் படித்த நண்பர்கள், ஐந்து பேரா என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அதிர்ச்சி இல்லை. குரங்குகளின் நரம்பணுவைப் பதிவுசெய்யும் ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டே குரங்குகளை வைத்து நடப்பவை. ஒன்றில் கண்டதை இன்னொன்றில் சரிபார்த்தால் கட்டுரை அச்சேறும். ஹென்றியோ ஒரே ஒருவர். எத்தனை பேர் என்பதைவிட எவ்வளவு நெருக்கமாகப் பார்த்தாய் என்று கேட்கிற மரபு எங்களுடையது. ஆனால் எத்தனை விழுக்காட்டினருக்கு இந்தச் சிக்கல் வரும் என்று ஐந்து பேரை வைத்துச் சொன்னால் அது புளுகு. கூட்டத்தில் அதைத்தான் உங்களிடம் கேட்பார்கள். எதிர்த்து நிற்கப் பழகுங்கள்.

இன்னொரு பழைய ஆய்வு. 1978-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஸ்டூவர்ட் கார்டும் சகாக்களும் மவுஸை மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டார்கள். மவுஸின் வேகம், வெறும் விரலால் இலக்கைத் தொடும்போது கையும் கண்ணும் காட்டும் வேகத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. அதாவது இதற்குமேல் வேகமான கருவி செய்தாலும் கை வேகமாகாது. ஒரு கருவியை எங்கே மேம்படுத்துவதை நிறுத்தலாம் என்று நரம்பு மண்டலமே சொல்கிறது. இப்படி ஒரு தெளிவான பதில் என் வேலையில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

கார்லினின் கம்பிக்கு வருகிறேன். முடிவில்லாமல் உருளும் திரையை 2006-இல் ஏசா ராஸ்கின் வடிவமைத்தார். பக்கத்தின் அடியில் 'அடுத்து' என்ற பொத்தான் இருந்தபோது, அங்கே விரல் ஒரு கணம் நிற்கும், போதும் என்று தோன்ற அது ஓர் இடம். அந்த இடத்தை எடுத்துவிட்டால் நிற்பதற்கான நினைப்பே வராது. பின்னாளில் அவரே அதற்காக வருந்திப் பேசினார். 2014-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் பக்கத்தில் நண்பர்களின் பதிவுகளில் மகிழ்ச்சியானவற்றையோ சோகமானவற்றையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்திருந்தார்கள். மாறியது மிகச் சிறிய அளவில்தான். அவர்களில் யாரையும் தனியாகக் கேட்கவில்லை. கம்பியை வெட்டியவர்கள் சில அறைகளுக்குள்தான் நுழைந்தார்கள்.

இப்படி ஏமாற்றும் வடிவமைப்புக்கு ஹாரி பிரிக்னல் 2010-இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு 13 வகைகளைத் தடை செய்தது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்று சொல்பவரை வெட்கப்படவைப்பது, சந்தாவில் சேர ஒரு தட்டு, விலக ஏழு திரை. இவற்றை வடிவமைத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களில் பலருக்கு என் துறைக்காரர்கள்தான் எங்கே விரல் யோசிக்காமல் விழும் என்று படம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். மருந்துக்கடை அண்ணனின் விரல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் சேமிக்கும் பொத்தானை வைக்கலாம், 'பிரீமியம் திட்டத்துக்கு மாறு' என்ற பொத்தானையும் வைக்கலாம். இரண்டாவதை வைக்கலாமா என்று என்னை ஒருவர் கேட்டிருக்கிறார், மிகவும் மரியாதையாக.

அடுத்து வருவது இதைவிடச் சிக்கலானது. தாமஸ் ரியர்டன் என்பவர் மைக்ரோசாஃப்ட்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியைத் தொடங்கியவர். அதைவிட்டு வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லத்தீனும் கிரேக்கமும் படித்து, பிறகு அங்கேயே நரம்பறிவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 2015-இல் நண்பர்களோடு கன்ட்ரோல் லேப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார், 2019-இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. நான் வந்த பாதைக்கு நேர் எதிர்ப்பாதையில் போனவர். அவரும் மண்டையோட்டைத் துளைக்கவில்லை, மணிக்கட்டுக்குப் போனார். மணிக்கட்டில் ஒரு பட்டை, தசைகளுக்குப் போகும் நரம்புச் செய்தியின் மின்னலைகளைத் தோலுக்கு மேலிருந்தே படிக்கிறது. விரல் அசைவது கண்ணுக்குத் தெரிய வேண்டிய தேவைகூட இல்லை. 2025 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த கட்டுரைப்படி, இதைக் கட்டிக்கொண்டு மேசை மேல் விரலால் எழுதுவதுபோல் செய்தால் நிமிடத்துக்கு 20.9 சொல் திரையில் வரும். ஆயிரக்கணக்கானவர்களின் கைகளில் பழக்கப்பட்டது என்பதால், புதிதாகக் கட்டுகிறவருக்கும் தனிப்பயிற்சி இல்லாமல் வேலை செய்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, தன் கண்ணாடியோடு சேர்த்து அதை விற்பனைக்கு அறிவித்தது.

கை முடங்கியவர்களுக்கு இது பெரிய வரம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கைக்கு மட்டுமே தெரிந்ததை இனி கருவி நேரடியாகப் படிக்கும், அருகில் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஆள் வேண்டாம். தயக்கம், கை நீட்டி இழுத்துக்கொண்டது, சோர்வு எல்லாம் அலைகளில் இருக்கும். சட்டம் இதை எப்படிப் பார்க்கும்? சிலி நாடு 2021-இல் அரசியலமைப்பைத் திருத்தி மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. 2023-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவை அழிக்கும்படி தலைப்பட்டை தயாரிக்கும் எமோட்டிவ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. மணிக்கட்டு அலை தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களிலிருந்து வருகிறது. அது மூளைத் தரவா, உடல் தரவா? இந்தக் கேள்வி நம் நீதிமன்றங்களுக்கும் வரும் என்றே நினைக்கிறேன். சட்டம் படிக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் கேள்வி நேரத்தில் என்னைத் திருத்துங்கள்.

என் சோதனைகளில் கொஞ்ச காலமாக ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். வழக்கமாக ஒப்புதல் படிவத்தில் தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். என்ன பதிவாகப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. நான் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று இரண்டு முறை வாங்குகிறேன். நடுவில், அவருடைய கை நடந்த தடத்தையும் கண் போன பாதையையும் திரையில் ஓடவிட்டு அவருக்கே காட்டுகிறேன். "நானா இப்படிச் செஞ்சேன்?" என்று கேட்பார்கள். இதில் அரைமணி நேரம் போகிறது என்று வேலை கொடுக்கும் நிறுவனங்களுக்கு வருத்தம்தான். பார்த்த பிறகு பெரும்பாலானவர்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். சிலர் அழிக்கச் சொல்கிறார்கள், அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுகிறோம்.